செப்புத் தகடு மாட்டிய தொட்டி

ஆயுத பூஜை முடிந்த எட்டாம் நாள் எங்கள் குருக்கம்பாளையத்தில் மனிதர்கள், துரு இரும்பை அரிக்கிற மாதிரி, ஒருவரையொருவர் அரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் அரிபட்டது துளசிமணியின் வலது உள்ளங்கை, அரித்தது மரகதத்தின் இடது உள்ளங்கை, இரண்டு பேரும் அதுவரை ஒருத்தி வீட்டுக் குழம்பை இன்னொருத்தி ஊற்றிச் சாப்பிட்ட சிநேகிதிகள். மரகதம் குடியிருந்த லைன் வீட்டுக்கு நேர் எதிரே என் சைக்கிள் கடை, அங்கே உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தேன், பார்க்க முடியாததைப் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் சொல்லக் கேட்டேன், நடுங்கினேன், நடுங்கிக்கொண்டே பழைய டியூபை வட்டமாக அறுத்து ஊருக்கெல்லாம் ரப்பர் வளையம் விற்றேன். இதில் எதையும் கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

ஊருக்கு மேற்கே ஒரு பம்பு கம்பெனி இருக்கிறது. எண்ணெயும் இரும்புத் தூளும் அப்பி வரும் பம்பு உடல்களைக் கூடையில் அடுக்கிச் சோப்புத் தண்ணீரில் இறக்கி, பீச்சுக் குழாயால் அடித்துக் கழுவ அங்கே ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் இரண்டு இரும்புத் தொட்டிகள், ஒன்றில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் கை பொறுக்காத வெந்நீர், இரண்டிலும் நாக்கில் பட்டால் உப்புக் கரிக்கும் எங்கள் ஊர் போர்த்தண்ணீர். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் செங்கல் அளவுக்கு ஒரு துத்தநாகக் கட்டியைப் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். பார்க்க அது நன்றாகவே இருக்காது, வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி குறைந்து, ஆறு மாதத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும், பிறகு புதுக்கட்டி மாட்டுவார்கள்.

தொட்டியைக் கொண்டுவந்து நிறுத்திய ஆள் அன்றைக்கே சொல்லிவிட்டுத்தான் போனான். "இது கரையறதுக்குன்னே வெச்சதுங்க. ஈரத்துல ரெண்டு உலோகம் ஒட்டி நின்னா ஒண்ணு இன்னொண்ணத் திங்கும். இந்தக் கட்டி இருக்கறவரைக்கும் திங்கறதெல்லாம் இதைத்தான் திங்கும், தொட்டி பொழைச்சுக்கும்" என்றான். அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்ட மேஸ்திரிகள் வேறு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கூட்டுமாற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற மரகதம் மட்டும் ஒன்பது வருசமாக அதை ஞாபகம் வைத்திருந்தாள், ஆனால் கூட்டுமாறு பிடித்திருப்பவளிடம் யார் வந்து சந்தேகம் கேட்கப் போகிறார்கள்.

பூஜைக்கு முதல் நாள் மிசின்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா கொட்டகையைச் சுற்றிப் பார்க்க வந்தார், தண்ணீர் வடித்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "இதென்னது, தரித்திரம் புடிச்சதாட்ட? சாமி கும்பிடற எடத்துல இதை வெப்பாங்களா?" என்றார். மலைக்கோயிலில் பூஜை போட்டு வாங்கி வந்த செப்புத் தகடு ஒன்று அவர் கையில் இருந்தது, கண் கூசுகிற மாதிரி தேய்த்து வைத்திருந்தார். கம்பெனியின் பிட்டர் நாச்சிமுத்து, அவன்தான் மரகதத்தின் புருசன், உடனே ஸ்பானரை எடுத்தான். மரகதம் அவன் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அதை எடுக்காதீங்க. அது கரையறதுக்குன்னே வெச்சது."

நாச்சிமுத்து திரும்பி ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான், அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள். கட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் வீசினான். அதே ஓட்டையில் செப்புத் தகட்டை வைத்தபோது பழக்க தோசத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஒரு ரப்பர் வாசரை எடுத்தது, இரண்டு உலோகத்துக்கு நடுவே ரப்பர் போடாமல் அவன் எதையும் முறுக்கியவன் இல்லை, ஆனால் சாமிக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பர் வைப்பதாவது என்று தோன்றி வாசரைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். தகடு இரும்போடு ஒட்டி உட்கார்ந்தது, சூடம் காட்டினார்கள், பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள், எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது, நானும் தின்றேன்.

எட்டாம் நாள் துளசிமணியும் மரகதமும் ஈரக்கையோடு கை கோத்துப் பச்சைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு கூடையைத் தூக்கி இறக்கினார்கள், இறக்கிப் பார்த்தால் துளசிமணி உள்ளங்கையில் கடுகளவு மூன்று ஓட்டைகள். ரத்தம் இல்லை, வலி இல்லை, ஓட்டையைச் சுற்றித் துருப்பொடி, கையைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே கொட்டகை வாசலில் நின்ற லாரி தெரிந்தது. மரகதத்தின் உள்ளங்கையோ புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி மினுமினுத்தது. "என்னுங்கடி இது" என்றாள் துளசிமணி, வாரச்சந்தையில் காய் அழுகியிருந்தால் கேட்பாளே அந்தக் குரலில்.

ஊரில் யாரும் இது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. எங்கள் கிணறெல்லாம் வற்றியபோதும் கேட்கவில்லை, போர்த்தண்ணீர் உப்பானபோதும் கேட்கவில்லை, அந்த வரிசையில் இதையும் வைத்துக்கொண்டோம். யார் யாரை அரிப்பார்கள் என்பதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அதில் ஒரு நியாயமும் இல்லை, வயசு இல்லை, வசதி இல்லை, நல்லவன் கெட்டவன் இல்லை. மழையில் நனைந்துகொண்டு டயர் மாற்றக் கை கொடுத்த ரைஸ்மில்காரரை அவருடைய டிரைவர் முழங்கை வரைக்கும் அரித்துவிட்டான், மறுநாளிலிருந்து அவனை எல்லோரும் வாங்க போங்க என்று கூப்பிட்டார்கள், யாரும் வேலைக்கு மட்டும் கூப்பிடவில்லை.

பஞ்சாயத்திலிருந்து ஆட்டோவில் மைக் கட்டி, ஈரக்கையோடு யாரும் யாரையும் தொட வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். கோயிலில் பூசாரி ஒரு முழ நீளக் கரண்டியில் தீர்த்தம் கொடுத்தார். கல்யாணம் பேச வந்தவர்கள் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரே டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துக் காட்டச் சொன்னார்கள், யாருக்கு ஓட்டை விழுகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். என் கடையில் டியூப் தீர்ந்துபோய் தள்ளுவண்டி டயரைக்கூட அறுத்துக் கொடுத்தேன், விரலில் வளையம், மணிக்கட்டில் வளையம், புருசன் பெண்டாட்டிக்கு நடுவே பாயில் ஒரு லாரி டியூப். ஆனால் என்னை உறைய வைத்தது எங்கள் தெருக் கிழவி வேலாத்தா செத்த அன்று பார்த்த காட்சி. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் வழக்கப்படி ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழப் போனார்கள், கண்ணீரும் ஈரந்தானே என்று யாரோ கத்தினாள், உடனே கைகளை உதறிவிட்டு ஆளுக்கு ஒரு உரச்சாக்கு பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு, எட்டி எட்டி உட்கார்ந்து, தன் மூக்கைத் தானே சிந்திக்கொண்டு அழுதார்கள். தொட ஆளில்லாத ஒற்றைக்கட்டை நான், நானும் ஒரு சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் கம்பெனித் தொட்டி ஒழுகியது, சரியாகச் செப்புத் தகட்டின் போல்ட்டைச் சுற்றி. மரகதம் இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். முதலாளியம்மா நடுங்கிப் போனார், ஆனால் சாமித் தகட்டை இஷ்டத்துக்குக் கழற்ற முடியுமா, சாமி உத்தரவுக்குக் கோயிலில் பூக் கேட்டார்கள், இரண்டு நாள் பூ விழவில்லை, மூன்றாம் நாள் வலப்பக்கம் வெள்ளைப் பூ விழுந்தது, தகட்டை எடுத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டுப் புதுத் துத்தநாகக் கட்டியை மாட்டினார்கள். தொட்டிக்குச் சரியாகிவிட்டது. எங்களுக்கு ஆகவில்லை.

ஆளாளுக்குத் துத்தநாகத் துண்டை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தோம், அதுவும் பலிக்கவில்லை. "தொட்டிக்குத்தானுங்க துத்தநாகம். மனுசனுக்கு மனுசந்தான் கட்டியாட்ட" என்று என் கடை வாசலில் துளசிமணி சொன்னாள், சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் அளவெடுக்கிற மாதிரி பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் கை ஏந்தும் ஒரு ஆள் இருந்தார், பெயர் யாருக்கும் தெரியாது, அடுத்த இரண்டு நாளும் ஏழெட்டு வீடுகளில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், உட்காரும் முன் கை கழுவச் சொன்னார்கள், கழுவிய கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் அவரைக் காணவில்லை, வேறு ஊருக்குப் போயிருப்பார் என்று பேசிக்கொண்டோம், நானும் அப்படித்தான் பேசினேன்.

மரகதத்துக்கு இந்த ஊர்க்கவலை எதுவும் இல்லை, அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அவளுடைய மகள் தாரணிக்கு ஏழு வயசு. துளசிமணியின் கையைப் பார்த்த அன்றே மரகதம் ஓட்டமாக வீட்டுக்கு வந்து பிள்ளையின் பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள், முழங்காலிலும் முதுகிலும் ஓட்டைகள், தினமும் அம்மா தேய்த்துக் குளிப்பாட்டிய இடமெல்லாம் ஓட்டைகள். காலையில் பாயை உதறினால் ஒரு பிடி துருப்பொடி கொட்டியது. அன்றிலிருந்து அவள் பிள்ளையைத் தொடவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக் கழியால் தள்ளினாள், தலையைத் துளசிமணி வந்து காய்ந்த கையால் பின்னிவிட்டாள். பிள்ளை வாசலில் உட்கார்ந்து தன் ஓட்டைகள் வழியாக என் கடையைப் பார்த்துச் சிரிக்கும், எனக்குத் திரும்பச் சிரிக்க வராது.

நாச்சிமுத்து கம்பெனியில் கொடுத்த முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறையை மாட்டியவன் கழற்றவே இல்லை. அதோடே சாப்பிட்டான், அதோடே படுத்தான், தான் தின்கிறவனா தின்னப்படுகிறவனா என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயம். ஒருநாள் பஞ்சர் ஒட்ட வந்தவன் என்னிடம் சொன்னான்.

"குப்பண்ணா, கட்டிய வீசுனது இந்தக் கைதானுங். இதுல எம்புள்ளையத் தொட்டா என்ன மிஞ்சும்னு நெனச்சாலே தூக்கம் வர்றதில்லீங்."

"அட, நீ வேணும்னா பண்ணுன?"

"வாசர் கையில இருந்துதுங்ண்ணா. கையில எடுத்துட்டுத் திரும்பப் பையில போட்டங்."

அந்த வாசர் இன்னும் அவன் சட்டைப் பையில் இருந்தது, சட்டை மாற்றினாலும் எடுத்து மாற்றிப் போட்டுக்கொள்வானாம்.

ஐப்பசி பிறந்து மழை விடாமல் அடித்தது, பிள்ளை மழையில் ஒரு தரம் வழுக்கி விழுந்தபோது மரகதம் யோசிக்காமல் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள், தூக்கிய இரண்டு கையின் அச்சும் பிள்ளையின் விலாவில் சல்லடையாக விழுந்தது. அன்று அவள் அழுத அழுகையை என்னால் சொல்ல முடியாது. தன் கைகளைத் துணி துவைக்கிற கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள், அவை மினுமினுவென்று அப்படியே இருந்தன.

ஆனால் அந்த வாரம் அவளை வெந்நீர்த் தொட்டிக்கு மாற்றினார்கள். அங்கே துளசிமணியோடு கூடை தூக்கி, ஆவியில் நனைந்த கைகள் தெரியாமல் உரசி, இரண்டு நாள் போன பிறகு தன் மணிக்கட்டில் ஏதோ பொரிவது தெரிந்து பார்த்தாள், கடுகளவு ஓட்டை, சுற்றித் துரு. துளசிமணியின் கையை வாங்கிப் பார்த்தாள், அங்கே பழைய ஓட்டைகளில் இரண்டு அடைந்துபோயிருந்தன. பச்சைத் தண்ணீரில் இவள் அவளைத் தின்றாள், வெந்நீரில் அவள் இவளைத் தின்கிறாள், சூடு ஏறினால் வரிசை திரும்பிவிடுகிறது. மரகதம் கூடையை அப்படியே போட்டுவிட்டு, மேஸ்திரி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், செருப்புகூட இல்லாமல் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

அன்று சாயங்காலமே வாசலில் அடுப்பு மூட்டி, பிள்ளை பொறுக்கும் அளவுக்கு மேல் ஒரு பொட்டுச் சூட்டில் பக்கெட்டை நிரப்பி, இருபது நாளுக்குப் பிறகு தானே விரும்பி மகளின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தாள். பக்கெட்டில் துரு செந்தூளாக மிதந்தது, அது அவளுடையது. பிள்ளையின் விலாவில் ஒரு ஓட்டை மூடியது. மரகதம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயம் இன்னும் கூடியது.

நாலு நாள், ஐந்து நாள், ஆறு நாள். பிள்ளை தேறித் தேறி வந்தது, தாய் கரைந்து கரைந்து போனாள். அவள் வாசலில் நின்றால் பின்னால் இருக்கிற கதவின் நீலப் பெயின்ட் அவள் தோள் வழியாகத் தெரிந்தது.

"போதும் மரகதம்" என்றான் நாச்சிமுத்து, கையுறைக் கைகளைக் கட்டிக்கொண்டு.

"முதுகுல இன்னும் ரெண்டு இருக்குதுங்."

"உன்னைப் பாரு புள்ள. உன்ர மேல கொசு உக்காந்தா உள்ள போயி வெளிய வருது."

"ரெண்டுதானுங்க. அதை அடைச்சுட்டு நிறுத்திக்கறேன்."

அந்த இரண்டு மட்டும் அடையவே இல்லை. ஒருநாள் அடைந்ததாக இருக்கும், மறுநாள் திறந்திருக்கும். மரகதம் இன்னும் சூடு ஏற்றினாள், இன்னும் நேரம் பிடித்தாள்.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தபோது அதன் காரணம் எனக்குத் தெரிந்தது. மரகதம் பக்கெட்டில் வெந்நீரை ஊற்றிவிட்டு, அடுப்பில் அடுத்த போசித் தண்ணீரை ஏற்றிவைத்து, துண்டு எடுத்துவர உள்ளே போனாள். தாரணி எழுந்து, மழைத்தண்ணீர் நிறைந்து நின்ற குடத்தில் சொம்பை முக்கி, பக்கெட்டில் ஒன்று ஊற்றினாள், இரண்டு ஊற்றினாள், என்னைப் பார்த்துவிட்டு வாயில் விரலை வைத்துக் காட்டி மூன்றாவதும் ஊற்றினாள். நான் குனிந்து கையிலிருந்த ஸ்பானரால் ஒரு நட்டை முறுக்கினேன். எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு ஆள் கரைந்தாக வேண்டும், எந்தப் பக்கம் என்று சொல்ல நான் யார்.

மரகதம் வந்து உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துப் பக்கெட்டில் விட்டாள், விட்டதும் முகம் மாறிப்போனது.

"ஏன்டி, தண்ணி இப்புடி ஆறிக் கெடக்குது?"

"ஆறுலம்மா. நாந்தான் ஊத்துனேன். நேத்தும் ஊத்துனேன். உன்ர கன்னத்துல கதவு தெரியுதும்மா."

மரகதம் கையை உருவப் பார்த்தாள், பிள்ளை விடவில்லை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "மாமா! ஓடி வாங்க! எடுத்து விடுங்க, இவ விட மாட்டேங்கறா!" என்று மரகதம் அலறிய அலறலில் நாச்சிமுத்து உள்ளேயிருந்து ஓடி வந்தான், கையில் ஸ்பானரோடு நானும் ஓடினேன். எல்லோரும் பக்கெட்டுக்குள் பார்த்தோம், துரு எந்தக் கையிலிருந்து கிளம்பப் போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். கிளம்பவில்லை. தண்ணீர் தெளிவாக நின்றது, பக்கெட்டின் அடியில் கம்பெனி முத்திரைகூடத் தெரிந்தது, அம்மா கை அம்மா கையாகவும் மகள் கை மகள் கையாகவும் இருந்தன. சூடும் இல்லை, குளிரும் இல்லை, அந்த ஒரு வெதுவெதுப்பில் யாரும் யாரையும் தின்னவில்லை.

மரகதம் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், கைகள் மட்டும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. பிறகு அவள் முகத்தில் பழைய பயம் திரும்ப வந்தது.

"ஆறுமே" என்றாள். "இப்பவே ஆறிக்கிட்டிருக்குதே மாமா."

நாச்சிமுத்து அடுப்பிலிருந்து போசியைத் தூக்கி வந்தான், ஊற்றப் போனவன் நின்றுவிட்டான். அதிகம் ஊற்றினால் தாய் போவாள், குறைத்து ஊற்றினால் பிள்ளை போகும், தடித்த ரப்பருக்குள் இருந்த அவன் கைக்குச் சூடு எது குளிர் எது என்று ஒன்றும் தெரியவில்லை.

"அதைக் கழட்டிட்டுக் கைய வெச்சுப் பாருங்கப்பா" என்றாள் தாரணி.

அவன் என்னைப் பார்த்தான். போசியைக் கீழே வைத்தான், பையிலிருந்து அந்த ரப்பர் வாசரை எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தான், கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். ஒரு மாதமாக வெளிச்சம் படாத கை வெளுத்துச் சுருங்கி, யாரோ வேற்றாள் கை மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைப் பக்கெட்டுக்குள் விட்டான், அந்த இரண்டு கைகளின் மேல் வைத்தான்.

"குப்பண்ணா, கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துங்க" என்றான், கண்ணைத் திறக்காமல்.

நான் போசியைத் தூக்கினேன், ஆவி முகத்தில் அடித்தது, பக்கெட்டுக்குள் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"மெதுவாங்ண்ணா" என்றாள் தாரணி, "எங்கப்பா கை உள்ள இருக்குது."